பனிக்குள் இருந்த பால்

"மனுதாரர் சொல்றது அத்தனையும் உண்மைன்னே வெச்சுக்குவோம், யுவர் ஆனர்" என்றார் என் வக்கீல் லெஸ்டர் பிங்க்ரி. "அப்படியே இருந்தாலும் இந்த வழக்கு நிக்காது."

கோர்ட்டில் அது ஒரு சம்பிரதாயம். விசாரணையே வேண்டாம், வழக்கைத் தள்ளுங்கள் என்று கேட்பவர், எதிராளி எழுதியிருப்பதையெல்லாம் ஒரு பேச்சுக்கு உண்மை என்று ஒப்புக்கொண்டுதான் வாதாட வேண்டும். லெஸ்டர் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். நீதிபதியும் ஒரு பேச்சுக்குத்தான் தலையாட்டினார். அந்த அறையில் அது பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே உண்மை என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மோனிக் சீர், வழக்குப் போட்டவள். இன்னொருத்தி நான். கையில் கம்பளிக் கையுறையை வைத்துப் பிசைந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் முட்டி போட வைத்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயது அறுபத்திரண்டு.

மோனிக்குக்கு வக்கீல் கிடையாது. என்னைப் போன்றவர்கள்மேல் வழக்குப் போட எந்த வக்கீலும் வரமாட்டார், தோற்கிற வழக்கு என்று எல்லாருக்கும் தெரியும். நூலகத்து கம்ப்யூட்டரில் அவளே தட்டிய மனு அது. ஏழு பக்கம். ஆறாம் பக்கத்தில் என் பெயரோடு இப்படி ஒரு வரி இருந்தது: "அந்த வாரம் எங்கள் மாவட்டத்தில் பால் பனிக்குள் இல்லாத வீடே கிடையாது. திருமதி கொரின் வயலெட்டின் வீட்டுப் பாலும் பனிக்குள்தான் இருந்திருக்கும்."

இருந்தது.

பெற்றவர்கள் பிரியும்போது பிள்ளை யாரிடம் இருப்பது என்று சண்டை வந்தால், பிள்ளையின் சார்பில் பேச கோர்ட் ஒரு ஆளை நியமிக்கும். கார்டியன் என்பார்கள். இரண்டு வீட்டையும் பார்த்து, பிள்ளையிடம் பேசி, அறிக்கை எழுதித் தர வேண்டும். முக்கால்வாசி நேரம் நீதிபதி அந்த அறிக்கையைத்தான் தீர்ப்பாகப் படிப்பார். இருபத்தேழு வருஷம் சமூக நலத்துறையில் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றதும் நான் அந்த வேலைக்குப் போனேன். பயிற்சியில் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம்: ஃப்ரிட்ஜைத் திற, கட்டிலைப் பார், மருந்து அலமாரியைப் பார். விளக்கம் கேட்காதே, கேட்டால் கதைதான் வரும். கண்ணில் பட்டதை எழுது. கண்ணால் காண்பதும் பொய் என்று அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா தெரியாது. எனக்கு அப்போது என் கண்மேல் அவ்வளவு பெருமை.

மூன்று வருஷத்துக்கு முன் ஜனவரியில் அந்த உறைபனி மழை வந்தது. மரக்கிளைகள் முறிந்து கம்பிகளின் மேல் விழுந்து, ஆற்றின் இந்தக் கரை முழுக்க நான்கு நாள் கரண்ட் இல்லை. எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யாரும் அலறமாட்டார்கள். ஃப்ரிட்ஜில் இருப்பதை எடுத்து ஐஸ்பெட்டியில் போட்டுப் பின்வாசல் பனிக்குள் புதைத்துவிட்டு, விறகடுப்பைச் சுற்றிப் படுத்துக்கொள்வோம். வெளியே மைனஸ் இருபது. கடவுளே கொடுத்த ஃப்ரிட்ஜ், பில் கிடையாது என்பார் என் கணவர் ரோஜர்.

ஐந்தாம் நாள், புதன்கிழமை, காலையில் நான் மோனிக் வீட்டுக்குப் போனேன். சக்கரத்தின்மேல் நிற்கிற அலுமினிய வண்டிவீடு, பக்கத்தில் இரண்டு பிர்ச் மரம். அங்கே விடியற்காலையில்தான் கரண்ட் வந்திருந்தது. மகள் ஜோசி, எட்டு வயது, பள்ளிக்கூடம் போயிருந்தாள். மோனிக் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பவள். நான் வருகிறேன் என்று விடுப்பு எடுத்திருந்தாள். தரையை அப்போதுதான் துடைத்திருக்கிறாள், ஈரத்தில் என் பூட்ஸ் தடம் பதிந்தது.

"பரவாயில்ல மேடம், பரவாயில்ல. கழட்ட வேண்டாம், குளுரும்" என்றாள். "ஜோசி வரைஞ்ச படமெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். இருங்க, ரூம்ல இருக்கு, கொண்டு வரேன்."

அவள் உள்ளே போன நேரத்தில் நான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்தது. தட்டுகள் காலி. கதவில் ஒரு கடுகு பாட்டில், ஒரு சோடா உப்பு டப்பா, அவ்வளவுதான். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். அவள் படங்களோடு வந்தபோது நான் ஜன்னலோரம் நின்று பிர்ச் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருடி கெட்டாள் போங்கள், அப்படி ஒரு நிற்பு. ஜோசி வரைந்த குதிரைகளையெல்லாம் பாராட்டினேன். முன்வாசல் வழியாக வந்தேன், முன்வாசல் வழியாகவே போனேன். மொத்தம் இருபத்தைந்து நிமிஷம்.

மதியம் அப்பா வீடு. டேரல் ஹாஃபோர்ட் மரலாரி வைத்திருப்பவர். புது வீடு, கொட்டகையில் ஜெனரேட்டர், அந்த நான்கு நாளும் அவருக்கு ஒரு விளக்குகூட அணையவில்லை. அவருடைய ஃப்ரிட்ஜ் நிறைந்து வழிந்தது. அதையும் படம் எடுத்தேன். இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், யாரும் அறிக்கையைப் படிக்கவே தேவையில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். ரோஜர் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே குரல் கொடுத்தார்.

"மகாராணி வந்தாச்சா? கரண்ட் பத்து மணிக்கே வந்துடுச்சு. பின்னாடி இருக்கற பாலு, முட்டை எல்லாத்தையும் உள்ள எடுத்து வை. நான் குனிஞ்சேன்னா அப்புறம் என்னையும் சேர்த்துத்தான் எடுத்து வைக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் போனேன். பின்வாசலில் பனியை விலக்கி, ஐஸ்பெட்டியின் மூடியைத் திறந்து, பால் கேனைக் கையில் எடுத்தேன். கழுத்துவரை உறைந்திருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன். என் வீட்டு ஃப்ரிட்ஜும் அந்த நிமிஷம், திறந்தால் விளக்கு மட்டும் எரிய, காலியாக இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று காலையில் யாராவது ஒரு கார்டியன் என் வீட்டுக்கு வந்திருந்தால் என்ன எழுதியிருப்பாள்?

அறிக்கை வெள்ளிக்கிழமை கொடுத்தால் போதும். அன்று புதன். இதை நான் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்காதபோதே. நேரம் இருந்தது. ஒரு போன் போட்டிருக்கலாம். மறுபடி போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்திருக்கலாம். போக வர எண்பது மைல், சாலையெல்லாம் கண்ணாடி மாதிரி பனி. அப்பா வீடுதான் நல்ல வீடு என்று நான் மத்தியானமே முடிவு செய்துவிட்டேன். ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டாலும் முடிவு அதுதானே, பிறகு எதற்கு அலைச்சல் என்று தோன்றியது. பாலை உள்ளே எடுத்து வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டேன். ரோஜரோடு உட்கார்ந்து சீட்டாடினேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஜோசியிடம் பேசினேன். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. மஞ்சள் நோட்டில் அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன், அது என் பழக்கம், பிள்ளைகள் பேசுவதை அப்படியே எழுதுவேன். அவள் என்ன சொன்னாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். அறிக்கையில் அது வரவில்லை.

"அம்மா வீட்டில் குழந்தைக்கான உணவுப் பொருள் எதுவும் காணப்படவில்லை. படம் இணைக்கப்பட்டுள்ளது." எழுதியது இவ்வளவுதான். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் இன்னும் கேவலம்.

விசாரணையில் மோனிக் கூண்டில் நின்று சொல்லத்தான் செய்தாள். "சாப்பாடெல்லாம் பின்னாடி பனிக்குள்ள இருந்துச்சுங்க. ஃப்ரிட்ஜ் குளிர்ந்ததும் உள்ள வைக்கலாம்னு இருந்தேன்."

"குழந்தை குடிக்கிற பாலத் தெருப்பனியில போட்டு வெச்சீங்க, அப்படித்தானே?" என்றார் டேரலின் வக்கீல். யாரோ சிரித்தார்கள்.

உள்ளூர் நீதிபதியாக இருந்தால் அந்த வக்கீலைத்தான் முறைத்திருப்பார். அன்று வந்திருந்தவர் தெற்கே பெரிய ஊரிலிருந்து மாற்றலில் வந்தவர். மாடிக் குடியிருப்பில் வாழ்பவர், கரண்ட் போனால் ஓட்டலுக்குப் போகிறவர். அவர் என் பக்கம் திரும்பினார்.

"கார்டியன், வெளிய ஏதாவது உணவுப்பொருள் இருந்ததப் பார்த்தீங்களா?"

மோனிக் என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில். நீங்களும் இந்த ஊர்தானே, சொல்லுங்கள் என்பது போல நிம்மதியாகப் பார்த்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

"இல்லை, யுவர் ஆனர். நான் பார்க்கல" என்றேன்.

பிள்ளை அப்பாவிடம் போனது. அம்மாவுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனி, ஞாயிறு.

இதெல்லாம் முடிந்து மூன்று வருஷம் கழித்துத்தான் அந்த வழக்கு. ஒரு பேச்சுக்கு எல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டு, நீதிபதி பத்தே நிமிஷத்தில் தள்ளுபடி செய்தார். இவர் வேறு நீதிபதி, மரியாதையான மனிதர், மோனிக்குக்குப் பொறுமையாக விளக்கினார்.

"அம்மா, கோர்ட் நியமிச்ச ஆள்மேல, அந்த வேலையில செஞ்ச எதுக்காகவும் யாரும் வழக்குப் போட முடியாது. தோத்த பக்கமெல்லாம் வழக்குப் போட ஆரம்பிச்சா, எந்தக் கார்டியனும் பயமில்லாம உண்மையச் சொல்ல மாட்டாங்க. அவங்க பயப்படாம உண்மையப் பேசணும்னுதான் சட்டம் இந்தப் பாதுகாப்பக் குடுத்திருக்கு."

பயப்படாமல் உண்மையைப் பேச. அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். எனக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. லெஸ்டர் என் தோளில் தட்டினார். ஜெயித்துவிட்டோமாம்.

அவர் கோட்டை எடுக்கப் போன நேரத்தில், வராந்தாவில் மோனிக் எதிரே வந்து நின்றாள். இரவு வேலைக்குப் போகிற நீலச் சீருடையில் இருந்தாள். ஒதுங்கிப் போகத்தான் பார்த்தேன்.

"பயப்படாதீங்க மேடம். கத்த மாட்டேன்" என்றாள். "மேல்முறையீடும் போக மாட்டேன். போனாலும் ஒண்ணும் ஆகாதுன்னு ஜட்ஜே சொல்லிட்டாரே."

"மோனிக், நான்..."

"ஜோசிக்கு இப்ப பதினொண்ணு. எங்கிட்ட வரும்போது பையில பிஸ்கட் கொண்டு வர்றா. எத்தன வேள இருப்பாளோ அத்தன பாக்கெட். வந்ததும் மொதல்ல ஃப்ரிட்ஜத் தொறந்து பாக்கறா. நான் ரொப்பி வெச்சிருக்கேன், கதவு சாத்தாத அளவுக்கு ரொப்பி வெச்சிருக்கேன். அப்பவும் பிஸ்கட்ட எடுத்துத் தலகாணிக்குக் கீழ வெச்சுக்கறா." அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நீங்க எடுத்த படத்த அவ அப்பா அவகிட்டக் காட்டியிருக்காரு. இப்ப அவளுக்கே ஞாபகம் இருக்குதாம், பசியோட கெடந்தாளாம். நாலு நாளும் ஒண்ணும் இல்லயாம். நான் சொன்னா, 'பொய் சொல்லாதம்மா, போட்டோ இருக்கு'ங்கறா."

நான் கையுறையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினேன்.

"தீர்ப்ப மாத்த வேண்டாம். அவ அங்கேயே படிக்கட்டும். நீங்க வந்து அவகிட்டச் சொன்னாப் போதும், பால் இருந்துச்சுன்னு. உங்களுக்குத்தான் ஒண்ணும் ஆகாதாமே."

லெஸ்டர் கோட்டோடு வந்துவிட்டார். அவள் போய்விட்டாள்.

எதிரே இருந்த காபிக் கடையில் லெஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுதும் இல்லை, மோனிக் கேட்டதை மட்டும். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"போகவே கூடாது. கொரின், நல்லாக் கேட்டுக்குங்க. கோர்ட் உங்கள வேலையில வெச்சிருந்த வரைக்கும்தான் சட்டத்தோட அந்தக் குடை. அந்த வேல மூணு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. இப்ப நீங்க அந்தப் பொண்ணுகிட்டப் போய்ப் பேசினா, யாரோ ஒரு பொம்பள அடுத்தவர் பிள்ளைகிட்டப் பேசற மாதிரி. டேரல் சும்மா விடுவாரா? அப்பாகிட்ட இருந்து புள்ளையப் பிரிக்கப் பார்த்தாங்கன்னு உங்கமேல கேஸ் போடுவாரு. ஃபைல்ல இருந்து ஒரு காகிதம் வெளிய போச்சுன்னா அது தனிக் கேஸு. ரெண்டுலயும் உங்க தலையிலதான் மழை."

"அப்ப, தப்பா எழுதினதுக்குக் குடை உண்டு. அது தப்புன்னு சொல்லப் போனா குடை கெடையாது?"

"சட்டத்தக் குத்தம் சொல்லாதீங்க. வேலையில இருக்கும்போதே தப்புன்னு சொல்லியிருந்தா அதுக்கும் குடை இருந்திருக்கும்." அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். முப்பது வருஷ வக்கீல், மோப்பம் பிடித்துவிட்டார். "அப்பவே தெரியுமா?"

நான் காபியைக் குடித்தேன். அவர் மேலே கேட்கவில்லை. கேட்டால் தனக்கும் தெரிந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ.

மோனிக்கின் சனிக்கிழமைகள் எனக்கு மனப்பாடம். தீர்ப்பில் வந்த அந்த அட்டவணையைப் பரிந்துரைத்ததே நான்தான். முதல் சனிக்கிழமை ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்ததில் கார் டயர். மூன்றாவதில் காரணம்கூடக் கிடைக்கவில்லை, வெறுமனே போகவில்லை. ஆறு வாரம். அதற்குள் அந்தப் பெண் இன்னும் எத்தனை பிஸ்கட் பாக்கெட்டைத் தலையணைக்குக் கீழே வைத்திருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஒருநாள் சீட்டாட்டத்தின் நடுவில் ரோஜரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கையிலிருந்த சீட்டுகளை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"நான்தானே சொன்னேன், பால எடுத்து உள்ள வைன்னு" என்றார்.

"ஆமா."

"சிரிச்சுக்கிட்டே போனே. திரும்பி வந்து சீட்டு வெளையாடினே. அன்னைக்கு நீ ஜெயிச்சே கொரின், எனக்கு ஞாபகம் இருக்கு. கரண்ட் வந்த சந்தோஷம்னு நெனச்சேன்."

அவர் திட்டவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு சீட்டாட வரவில்லை. நாற்பது வருஷத்தில் அவர் எனக்குக் கொடுத்த பெரிய தண்டனை அதுதான்.

கீழறையில் பெட்டிகளைக் கிளறி மஞ்சள் நோட்டை எடுத்தேன். ஜோசியின் பக்கத்தை மட்டும் கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை போனேன். பனி இன்னும் இடுப்பளவு கிடந்தது.

மோனிக் கதவைத் திறந்தாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. விலகி வழி விட்டாள். அடுப்பில் பக்வீட் தானிய மாவில் ப்ளாய் வார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்துத் தோசை அது, ஒரு பக்கம்தான் வேகும், மேலெல்லாம் பொத்தல் விழும். மேஜையில் ஜோசி உட்கார்ந்திருந்தாள். வளர்ந்திருந்தாள். விழுந்த பல் முளைத்துவிட்டது. காலடியில் பள்ளிக்கூடப் பை, பக்கவாட்டுப் பையில் பிஸ்கட் பாக்கெட்டுகள் துருத்திக்கொண்டிருந்தன.

"நீங்கதான ஃப்ரிட்ஜ போட்டோ எடுத்தவங்க?" என்றாள்.

"ஆமா. கொரின் வயலெட்."

"தெரியும். பேரு அதுல இருக்கு." அவள் அம்மாவைப் பார்த்தாள். "அம்மா கூட்டிட்டு வந்தாங்களா, எனக்குச் சொல்றதுக்கு?"

"உங்கம்மா கேட்டாங்க. ஆனா நான் வர்றதுக்கு ஆறு வாரம் ஆச்சு. வரத் தைரியம் இல்ல." உட்காரச் சொல்வார்களோ என்று பார்த்தேன், யாரும் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். "அந்த ஃப்ரிட்ஜ் காலியாத்தான் இருந்துச்சு, ஜோசி. படம் நிஜம். ஆனா சாப்பாடு பின்னாடி பனிக்குள்ள இருந்துச்சு. கரண்ட் இல்லாததால எல்லார் வீட்டுலயும் அப்படித்தான். எங்க வீட்டுலயும்."

"நீங்க பாத்தீங்களா? பனிக்குள்ள?"

"பாக்கல. பின்கதவத் தொறக்கவே இல்ல."

"அப்புறம் எப்படித் தெரியும்? அம்மா சொன்னதச் சொல்றீங்க."

கெட்டிக்காரி. எட்டு வயதிலேயே கெட்டிக்காரிதான். நான் பையைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தேன். லெஸ்டரின் முகம் ஞாபகம் வந்தது. அப்படியும் அதை அவளிடம் நீட்டினேன்.

"நீதான் சொன்னே" என்றேன். "மறுநாள் உங்க ஸ்கூல்ல வந்து உங்கிட்டப் பேசினேன். நீ சொல்லச் சொல்ல எழுதினேன்."

அவள் வாங்கிக்கொண்டாள். முதலில் வாய்க்குள் படித்தாள். பிறகு ஏனோ சத்தமாகப் படித்தாள்.

"'அம்மா வீட்டுல நாங்க அடுப்புக்குப் பக்கத்துல படுத்தோம். பாலு வெளிய இருந்துச்சு. அது ஐஸ் ஆயிடுச்சு. அம்மா அதுமேல மேப்பிள் பாகு ஊத்திக் குடுத்தாங்க. ஸ்பூனால சாப்பிட்டேன். ரெண்டு கப்பு. கரண்டு வரவே கூடாதுன்னு சாமி கும்பிட்டேன்.'"

தோசைக்கல்லில் ப்ளாய் தீய்ந்தது. மோனிக் திரும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. இந்தக் காகிதம் இருப்பது அவளுக்கும் தெரியாது. யாருக்குமே தெரியாது.

"நானா சொன்னேன்?" என்றாள் ஜோசி.

"நீதான்."

"அப்ப உங்களுக்குத் தெரியும். இத எழுதும்போதே தெரியும்."

"அதுக்கு முந்தின நாளே தெரியும்."

"ஏன் சொல்லல?"

மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் பெரிய பெரிய பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"எண்பது மைல் மறுபடி வண்டி ஓட்டணும்னு இருந்துச்சு" என்றேன். "அப்புறம், தப்பாப் பாத்துட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"நான் சொல்றதப் போய்ச் சொல்லத்தான உங்கள வெச்சாங்க?" என்றாள்.

என் நியமன உத்தரவில் இருந்த நாலு பத்தியையும் அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள். நான் தலையை ஆட்டினேன். மன்னித்துவிடு என்று சொன்னேன், அது யார் காதிலும் விழுந்த மாதிரி தெரியவில்லை.

"இந்தப் பேப்பர் எனக்கா?"

"உன்னுதுதான். எப்பவுமே உன்னுதுதான்."

அவள் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் அது டேரல் கைக்குப் போகும், நான்காவது வாரம் எனக்கு நோட்டீஸ் வரும் என்று அப்போதே தெரிந்தது. அப்படியே வந்தது. அந்த வழக்கு இப்போது நடக்கிறது, இந்த முறை குடை இல்லை, பயமில்லை என்றால் பொய். ஆனால் எதிராளி சொல்வதை ஒரு பேச்சுக்கு உண்மை என்று வைத்துக்கொள்ள வேண்டாம், உண்மைதான் என்றே எழுதிவிடுங்கள் என்று லெஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜோசி எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். நிஜமாகவே பிதுங்கிக்கொண்டிருந்தது. பாலை எடுத்து ஒரு கப்பில் ஊற்றினாள்.

"ம்மா, ஐஸ் ஆக எவ்ளோ நேரம் ஆகும்?"

மோனிக் சமையல் ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "இன்னைக்கு அவ்வளவு குளிர் இல்ல. சாயங்காலம் ஆயிடும்."

"பாகு இருக்கா?"

"இருக்கு."

ஜோசி கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலுறையோடு பின்வாசலுக்குப் போனாள். "பூட்ஸப் போடு, கழுத!" என்று மோனிக் கத்தினாள். சிரித்துக்கொண்டே கத்தினாள் என்று நினைக்கிறேன். அவள் முகத்தை அந்த நேரம் பார்க்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. நான் கையுறையைப் போட்டுக்கொண்டு முன்கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"மேடம்" என்றாள் மோனிக். "அந்தப் பக்கம் வேண்டாம். இந்தத் தடவ பின்கதவு வழியாப் போங்க."

போனேன். ஜோசி பனியில் குழி பறித்துக் கப்பை இறக்கிக்கொண்டிருந்தாள், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் பாதி புதைந்து ஒரு நீல ஐஸ்பெட்டி கிடந்தது. மூடி வெயிலில் வெளுத்திருந்தது. பழைய பெட்டி. கதவிலிருந்து அது நான்கே எட்டு தூரம்.